உடம்புக்குள் ஒரு மண்பானை



இந்த மாதச் சுவரேட்டில் அறிவியல் பகுதி என் பொறுப்பு. விளையாட்டு விழாவுக்குப் பயிற்சி நடக்கிற நேரம் என்பதால் அதற்குப் பொருத்தமான ஒன்றை எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் 'உடல் சமநிலை' என்று சில வரிகளில் முடிந்துபோகிற விஷயம்தான். வெளியே எது எப்படி மாறினாலும் உடம்பு தன் உள் நிலையை மாறாமல் பார்த்துக்கொள்வதற்கு அந்தப் பெயர். ஹோமியோஸ்டாசிஸ் என்ற சொல்லை 1926-இல் உண்டாக்கியவர் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர். பெயரை மனப்பாடம் செய்தால் ஒரு மார்க் கிடைக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது அதைவிட ஒன்றரை நூற்றாண்டு பழைய ஒரு கதை.

லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் இருந்தார். நன்றாகச் சூடேற்றிய ஓர் அறைக்குள் அவரும் நண்பர்களும் நுழைந்து பார்த்தார்கள். அறையின் வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் சுமார் 127 டிகிரி செல்சியஸ்! தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாக்டன் அந்தச் சூட்டில் சுமார் 8 நிமிடம் நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, உடல் வெப்பமும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் இந்தச் சோதனைகளில் அறைக்குள் வைத்த முட்டைகள் சுமார் 20 நிமிடத்தில் வெந்து கெட்டியாகிவிட்டன. 1775-இல் இதையெல்லாம் எழுதி வெளியிட்டார். (யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்!)

முட்டை வெந்தது, மனிதர் வேகவில்லை. ஏன்? சொல்லுங்க பார்ப்போம்.

அதற்கும் அவரே ஒரு சோதனை செய்தார். அந்தச் சூடான அறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். அது கொதிக்கவே இல்லை. பிறகு மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டார். எண்ணெய் தண்ணீரை மூடிக்கொண்டதும் ஆவி வெளியே போக வழியில்லை. தண்ணீர் கொதித்துவிட்டது! அதாவது, ஆவியாகிற வரைக்கும் தண்ணீர் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. நம் வீட்டு மண்பானை செய்வதும் இதைத்தான். பானையின் நுண்துளை வழியே கசிகிற நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் தோலில் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். 1 லிட்டர் என்றால் 580 கிலோ கலோரி. அந்த வெப்பம் வெளியேறாமல் 40 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பிலேயே தங்கினால் அவர் உடல் வெப்பநிலை 17 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். 37-உடன் 17-ஐக் கூட்டிப் பாருங்கள். (கணக்கு சரிதானா என்று இயற்பியல் ஆசிரியர் பார்த்துச் சொல்லவும்.) வெயிலில் ஓடியாடுகிற ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் வியர்ப்பது அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் வியர்த்தால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும். நம் ஆய்வகத்தில் இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். வெயில் நாளில் காய்ந்தது 33 டிகிரி, ஈரத்துணி சுற்றியது 26. மழை பெய்த மறுநாள் அதே இடத்தில் 27, 26. ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம்! காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துணியில் உள்ள நீர் எங்கே போகும்? கடலோர ஊர்களில் வெயில் குறைவாக இருந்தாலும் புழுக்கத்தில் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்வது இதனால்தான். சொட்டி விழுகிற வியர்வை நம்மைக் குளிர்விக்காது, வீணாகப் போகிற தண்ணீர் அது. மேகம் போட்டிருக்கிறதே, வெயில் இல்லையே என்று புழுக்கமான நாளில் கூடுதல் நேரம் பயிற்சி எடுப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும்.

இதையெல்லாம் நடத்துவது யார்? மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். ரத்தத்தின் சூடு கொஞ்சம் ஏறினாலும் அது தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, வியர்வையைச் சுரக்கச் சொல்கிறது. குளிர்ந்தால் குழாய்களைச் சுருக்கி, நடுக்கம் கொடுத்துச் சூடு உண்டாக்குகிறது. இதுவரை எல்லாரும் படித்ததுதான்.

இனிமேல்தான் முக்கியமான இடம். வெப்பநிலையை 37-இல் நிறுத்துவதற்காக உடம்பு தண்ணீரைச் செலவழிக்கிறது. ஒரு சமநிலையைக் காப்பாற்ற இன்னொரு சமநிலையில் கை வைக்கிறது! தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறும். 1, 2 சதவீதம் ஏறினாலே அதே ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்துவிடும். உடனே வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. ஹார்மோன் வந்ததும் அந்த ஒன்றரையையும் குறைத்துவிடும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது இதன் அடையாளம்.

ஆனால் சிறுநீரகத்தால் சேமிக்கத்தான் முடியும், புதுசாகத் தண்ணீர் உண்டாக்க முடியாது. கழிவை வெளியேற்றவே கொஞ்சம் நீர் வேண்டும் என்பதால் அடியோடு நிறுத்தவும் முடியாது. அதற்கு மேல் உடம்பிடம் இருக்கிற ஒரே வழி தாகம். அதாவது நம்மிடம் கேட்பது.

ஒட்டகம் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறோம், இருப்பது கொழுப்பு. 1950-களில் நுட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி குழுவோடு சகாரா பாலைவனத்துக்கே போய் ஒட்டகங்களை ஆராய்ந்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பநிலை விடியற்காலையில் 34 டிகிரி, பிற்பகலில் 40-க்கு மேல்! வியர்த்துத் தண்ணீரை இழப்பதைவிடச் சூடு ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிடுகிறது. ராத்திரிக் குளிரில் அந்தச் சூடு செலவில்லாமல் இறங்கிவிடும். சரியான கஞ்சன்! நமக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கடும் வெயிலில் நம் உடல் 40 டிகிரியைத் தொட்டு, பேச்சு குழறி, தடுமாறினால் அது வெப்ப வாதம், உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

இன்னொன்று, வியர்வையில் போவது தண்ணீர் மட்டும் இல்லை, உப்பும்தான். 1920-களில் இங்கிலாந்தின் சூடான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தவர்கள், நிறையத் தண்ணீர் குடித்தும் தசைப்பிடிப்பால் துடித்தார்கள். தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்துக் குடித்ததும் சரியானது. நீர்மோரிலும் நீராகாரத்திலும் உப்புப் போட்டுத் தருகிற நம் பாட்டிமார்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் கோ-கோ ஆடிவிட்டு வெறும் தண்ணீரை மடமடவென்று நிறையக் குடிப்பதைவிட, இடையிடையே குடிப்பதும் கடைசியில் உப்புப் போட்ட மோர் குடிப்பதும் நல்லது.

இப்போது கொஞ்சம் கூச்சமான விஷயம், ஆனாலும் எழுதுகிறேன். பள்ளிகளில் தண்ணீர் மணி அடிக்கும் வழக்கம் கேரளாவில் 2019-இல் தொடங்கி, 2025-இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. நம் பள்ளியிலும் அடிக்கிறது. எங்கள் வகுப்பு மாணவிகளிடம் கேட்டுப் பார்த்தேன். பலர் பாட்டிலைத் திறந்து, உதட்டை நனைத்து, மூடிவிடுகிறார்கள். "குடிச்சா போகணும்டி. இடைவேளையில வரிசை நகரவே நகராது, பாடவேளையில கேட்கக் கூச்சமா இருக்கு" என்கிறார்கள். காலை வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மாலை வரை ஒரு டம்ளர் கூடக் குடிக்காதவர்களும் உண்டு. அவர்களில் சிலர் பயிற்சிக்கும் வருகிறார்கள். சிறுநீரை அடக்கி வைத்தால் தொற்று வரலாம், தண்ணீர் குறைத்தால் சிறுநீரகக் கல் வரலாம் என்று அவர்களுக்கும் தெரியும். தாகம் எடுக்கிறது. உடம்பு கேட்கத்தான் செய்கிறது. நாங்கள்தான் கொடுக்க முடியாமல் இருக்கிறோம்.

அதனால் தலைமையாசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர் மணிக்குப் பிறகு, கேட்காமலேயே கழிப்பறைக்குப் போய்வர 5 நிமிடம் தர வேண்டும். வரிசை நீளாமல் இருக்க ஒவ்வொரு மணிக்கும் ஒரு வகுப்பு என்று முறை வைத்துக்கொள்ளலாம். விளையாட்டு விழா முடியும் வரைக்குமாவது செய்து பார்க்கலாம். மனு எழுதியாகிவிட்டது, எங்கள் வகுப்புத் தலைவியிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் வரவும்.

— 11-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி