கத்திக்கு முந்தும் மருந்து

1846-ஆம் ஆண்டில் ஈதர் மயக்க மருந்தாக வழங்கத் தொடங்கியபின் அறுவை மருத்துவத்தின் வேதனை நீங்கிற்று, அச்சம் நீங்கவில்லை. செம்மையாகத் தைத்த புண்ணும் சில நாளில் சீழ்பிடித்து உயிரைக் கொள்ளும். கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர், இதற்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளே எனத் துணிந்தார். 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் புண்ணைக் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் கட்டினார். தோலைக் கிழித்த முறிவென்றால் காலையே வெட்டியெடுப்பது அந்நாளைய வழக்கம். சிறுவனோ இரு கால்களுடன் வீடு திரும்பினான்.

கைகளைத் தூய்மை செய்தலும் கருவிகளை நீராவியில் அவித்தலும் பின்னர் வந்தன. எனினும், எவ்வளவு துடைத்தாலும் மனிதத் தோலில் கிருமிகள் எஞ்சியே நிற்கும். பெனிசிலின் போன்ற மருந்துகள் கிடைத்தபோது மருத்துவர் பலர் அறுவை முடிந்தபின் அவற்றைச் செலுத்தினர். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. குறை மருந்தில் இல்லை, அதைத் தரும் வேளையில் இருந்தது.

1961-ஆம் ஆண்டில் ஜான் பர்க் என்னும் அமெரிக்க மருத்துவர் இதனைத் தெளிவாக்கினார். கினிப்பன்றிகளின் தோலில் கிருமிகளைச் செலுத்தி, மருந்தை வெவ்வேறு நேரங்களில் கொடுத்தார். கிருமி புகுமுன்னரே தசையில் மருந்து நிறைந்திருந்தால் புண் பெருகவில்லை. தாழ்க்குந்தோறும் பயன் குறைந்தது. மூன்று மணி நேரம் கடந்தபின் கொடுத்த மருந்து வீணாயிற்று. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் என்பது இதற்கும் பொருந்தும்.

மிக முந்தினாலும் கேடே. சிறுநீரகங்கள் மருந்தை வெளியேற்றிவிடும். 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 2,847 நோயாளிகளின் நிலை ஆராயப்பட்டது. அறுவைக்கு முந்திய இரண்டு மணி நேரத்துள் மருந்து பெற்றவர்களில் ஆயிரவருக்கு 6 பேர்க்கே புண் கெட்டது. அதற்கும் முன்னரே பெற்றவர்களில் 38 பேர்க்கும், அறுக்கத் தொடங்கி மூன்று மணி நேரம் சென்றபின் பெற்றவர்களில் 33 பேர்க்கும் கெட்டது.

அறுவை முடிந்த பின்னும் தடுப்பு மருந்தை நாள்கணக்கில் நீட்டுவது ஆகாதென்று உலக நலவாழ்வு நிறுவனம் 2016-இல் அறிவுறுத்தியது. மருந்துக்கு அஞ்சாத கிருமிகளே அதனால் பிழைத்துப் பெருகும். அந்நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைக்கூடச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி தோலைத் தொடுமுன் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: “கடந்த 60 நிமிடங்களுக்குள் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டதா?”