ஒத்திகையும் கோடை விடுமுறையும்

கேள்வி: என் கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார். பல வருஷமாக ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் நடிக்கிறார். கோடை நாடக விழாவுக்குப் புது நாடகம் என்றால் மார்ச் பிறந்ததுமே சாயந்திரங்களில் வீட்டில் இருக்க மாட்டார். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் எல்லோருமாக ஊருக்குப் போகலாம் என்று வருஷா வருஷம் பேசுகிறோம். கடைசியில் நானும் பிள்ளைகளும் மட்டும்தான் ரயில் ஏறுகிறோம். நடிப்பை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. என்ன செய்வது?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: விடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் அமெச்சூர் மேடையே, பகலில் வேறு வேலை பார்த்தவர்கள் தங்கள் சாயங்காலங்களைக் கொடுத்து உருவாக்கியதுதான். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது 18. பிறகு வக்கீலானார், நீதிபதியும் ஆனார், நாடகத்தை விடவில்லை. பூர்ணம் விசுவநாதன் வானொலியில் பணியாற்றியபடியே நடித்தார். கிரேஸி மோகன் பொறியியல் படித்து நிறுவன வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் எழுதத் தொடங்கியவர். இந்த வரிசையில் வருகிற ஒருவரை ‘வேண்டாம்’ என்று சொல்லி வீட்டில் உட்கார வைத்தால், அந்த வருத்தம் வீட்டுக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் வாசகியின் வருத்தமும் நியாயமானது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா ஏப்ரல் கடைசியை ஒட்டி வருகிறது. புதிய நாடகங்கள் அரங்கேறும் மேடை அது. அதனால் ஒத்திகை மும்முரமாகும் நாட்களும் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் நாட்களும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. இதை யாராலும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை வேறு இரண்டு.

முதலாவது, ஒத்திகை நடத்தும் முறை. பல குழுக்களில் மூன்று சீனில் மட்டும் வருகிறவரும் ஏழு மணிக்கு வந்து, பத்து மணிவரை உட்கார்ந்திருக்கிறார். அதில் அவர் வசனம் பேசுவது அரைமணி நேரம்கூட இருக்காது. ‘டிஸிப்ளின்’ என்ற பெயரில் இதை நியாயப்படுத்துகிறார்கள். அது சரியல்ல. கடைசிப் பத்து நாளும் கிராண்ட் ரிகர்சலும் தவிர, மற்ற நாட்களில் சீன் வாரியாக நடிகர்களை வரச்சொன்னால் போதும். இன்ன தேதியில் இன்ன சீன், இன்னார் வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, பிப்ரவரியிலேயே எல்லோர் கையிலும் கொடுத்துவிடலாம். வீட்டில் இருப்பவர்களைச் சோர்வடைய வைப்பது நேரம் போவது மட்டுமல்ல. எந்த நாள் இருப்பார், எந்த நாள் இருக்க மாட்டார் என்று கடைசிவரை தெரியாமல் இருப்பதுதான் அதைவிடப் பெரிய சுமை. அந்தத் தாளின் நகல் சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டால் பாதிச் சண்டை குறையும்.

இரண்டாவது, அரங்கேற்றத்துக்குப் பிந்தைய நாட்கள். முதல் காட்சி நன்றாகப் போனால் மற்ற சபாக்களின் செயலாளர்கள் தேதி கேட்கத் தொடங்குவார்கள். குழுவின் செயலாளரும் மகிழ்ச்சியில் ‘சரி’ என்று சொல்லிவிடுவார். நடிகரின் ஊர்ப் பயணம் பெரும்பாலும் அடிபடுவது இந்த இடத்தில்தான். விழா முடிந்த பிறகும் பள்ளி திறக்கும்வரை நாட்கள் மிச்சமிருக்கின்றன. அதில் ஒரு வாரத்தை, வேடத்தை ஒப்புக்கொள்ளும் அன்றே, ‘இந்தத் தேதிகளில் நான் ஊரில் இருக்க மாட்டேன்’ என்று குழுவுக்குச் சொல்லி, அன்றே ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட வேண்டும். முன்கூட்டிச் சொன்னவரைக் குழு மதிக்கும். கடைசி நேரத்தில் கெஞ்சுகிறவர் இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்குவார்.

மேடையும் குடும்பமும் எதிரெதிர் என்று நினைக்கவும் தேவையில்லை. தஞ்சாவூர் மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பிறந்த மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்களை, வரதராஜப் பெருமாள் கோயில் முன்பாக இரவு முழுக்க ஆடுவார்கள். பெண் வேடமும் ஆண்கள்தான். நடிகர்களில் பலர் வெளியூர்களில் வேலை பார்க்கிறவர்கள். அதற்கென்றே லீவு போட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார்கள். பிள்ளையார் முகமூடி அணிந்து தொடக்கத்தில் மேடைக்கு வருவது ஒரு சிறுவன். தாத்தா, அப்பா என்று வழிவழியாக வேடங்கள் கைமாறுகின்றன. அங்கே ஊருக்குப் போவதும் நாடகமாடுவதும் ஒரே பயணம். சென்னையிலும் குடும்பமாக நாடகம் நடத்துவதற்கு உதாரணம் உண்டு: ஒய்.ஜி. பார்த்தசாரதி 1952-இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழுவை அவர் மகன் மகேந்திரன் தொடர்ந்தார். 1979-இல் உருவான கிரேஸி கிரியேஷன்ஸில் அண்ணன் கிரேஸி மோகன் எழுத, தம்பி மாது பாலாஜி நடித்தார்.

எல்லா வீட்டிலும் எல்லோரும் நடிக்க வேண்டும் என்பதில்லை. வசனத்தை மனப்பாடம் செய்யும்போது பிள்ளைகள் எதிர்ப் பாத்திரத்தின் வரிகளைப் படித்துக்கொடுக்கலாம். மேடைப் பொருள் பட்டியலை மூத்த பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். அரங்கேற்றத்தன்று முதல் வரிசையில் தெரிந்த முகங்கள் உட்கார்ந்திருப்பது நடிகருக்கும் பலம்.

கேள்வி: ஆணுக்கு இது சரி. நான் நடிக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒத்திகைக்குப் போவதே போராட்டம். விடுமுறையில் நாத்தனார் குடும்பம் வந்தால் கேட்கவே வேண்டாம்.
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: முந்தைய பதிலில் வரும் தீர்வுகள் இவருக்குப் பாதிதான் உதவும். ஆண் நடிகர் ஒத்திகைக்குக் கிளம்பும்போது அவருடைய இரவுச் சாப்பாடு வீட்டில் தயாராகிக்கொண்டிருக்கும். பெண் நடிகர் சமைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. சபா நாடகங்களில் நடிகைகள் கிடைப்பதில்லை என்று குழுக்கள் நெடுங்காலமாகவே குறைப்படுகின்றன. ஒரே நடிகை பல குழுக்களில் நடிப்பதும் வழக்கம். காரணத்தை வெளியே தேட வேண்டாம். பத்து மணிக்கு முடியும் ஒத்திகை, அதன் பிறகு தனியாக வீடு திரும்புதல், மறுநாள் காலை ஐந்து மணிக்கு அடுப்படி. இதைத் தாண்டி வருகிறவர்கள் சிலர்தான்.

இங்கே முதல் பொறுப்பு குழுவுக்கு. பெண்கள் வரும் காட்சிகளை மாலையில் முதலில் ஒத்திகை பார்த்து அவர்களை அனுப்பிவிட வேண்டும். விடுமுறை நாட்களில் காலை நேரத்தை வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்வது சலுகை அல்ல, கடமை. வீட்டில் கணவர் பேச வேண்டும். விருந்தினரிடம் ‘அவளுக்கு நாடகம் இருக்கிறது, இரவுச் சாப்பாடு என் பொறுப்பு’ என்று அவரே சொல்ல வேண்டும்; மருமகள் சொன்னால் அது வேறுவிதமாகக் கேட்கும். நாத்தனாரையும் பிள்ளைகளையும் அரங்கேற்றத்துக்கு அழைத்து நல்ல இடத்தில் உட்கார வைப்பதும் பலன் தரும். மேடையில் பார்த்த பிறகு வீட்டுக்காரர்களின் பேச்சு மாறிய குடும்பங்கள் உண்டு.

கேள்வி: லீவில் எட்டு வயது மகளை ஒத்திகைக்கு அழைத்துப் போகலாமா? அவளுக்கும் ஒரு சின்ன வேடம் தருவதாகச் சொல்கிறார்கள்.
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: போகலாம், அவளுக்கு விருப்பம் இருந்தால். நேரம்தான் கவனிக்க வேண்டியது. குழந்தைக் கலைஞர்கள் பற்றிய மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும் குழந்தையை வேலை வாங்கக்கூடாது என்கின்றன. அவை படப்பிடிப்பையும் வணிக நிகழ்ச்சிகளையும் மனதில் கொண்டு எழுதப்பட்டவை. எட்டு வயதுக் குழந்தைக்கு, அதுவும் விடுமுறையில், நாளுக்கு இரண்டு மணி நேரமே அதிகம். அவள் காட்சி முடிந்ததும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். மறுநாள் வரமாட்டேன் என்று அவள் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அந்த வேடத்துக்கு இன்னொரு குழந்தையைத் தயாராக வைத்திருக்கும்படி இயக்குநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.