அப்ரண்டிஸ் முடிச்ச எலக்ட்ரீஷியனுக்கு காலேஜ் கிரெடிட் கிடைக்குமா?



வால்பாறைல இருக்கற ஒருத்தர்னு வெச்சுக்கோங்க. பத்தாவது முடிச்சு 2 வருஷம் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், 1 வருஷம் அப்ரண்டிஸ். இப்போ டீ ஃபேக்டரில மெயின்டனன்ஸ் வேலை, சம்பளம் மாசம் 18,000 ரூபாய். சூப்பர்வைசர் போஸ்ட் கேட்டா, "டிப்ளமோ இருக்கா?"ன்னு கேக்கறாங்க. ஏற்கெனவே போன அந்த 3 வருஷம் காலேஜ்ல கணக்குல வருமா? ரெண்டு சர்டிஃபிகேட்டையும் தனித்தனியா பாக்கலாங்க.

ஐ.டி.ஐ. சர்டிஃபிகேட்: இதுக்கு நிச்சயமா மதிப்பு உண்டு. தமிழ்நாட்டுல பத்தாவதுக்கு அப்புறம் 2 வருஷ ஐ.டி.ஐ. முடிச்சவங்க, பாலிடெக்னிக்ல நேரடியா ரெண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடிச்சா பி.இ.லயும் லேட்டரல் என்ட்ரி இருக்கு.

அப்ரண்டிஸ் சர்டிஃபிகேட்: இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. லேட்டரல் என்ட்ரி கிடைக்கறது ஐ.டி.ஐ.க்காக, அப்ரண்டிஸ் வருஷத்துக்காக இல்ல. அந்த வருஷத்துக்கு வழி காட்டறது 2023 ஏப்ரல்ல வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு. 30 மணி நேரம் கத்துக்கிட்டா 1 கிரெடிட். வருஷத்துக்கு 1,200 மணி நேரம், அதாவது 40 கிரெடிட்னு கணக்கு. வகுப்பறை மட்டுமில்ல, தொழிற்பயிற்சியும் இதுல சேரும். ஆனா ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, வேலை பாத்தா மட்டும் போதாது, தேர்வுல பாஸ் ஆகணும். ரெண்டு, அந்த கிரெடிட்டை ஏத்துக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றது நீங்க சேரப் போற காலேஜ். தானா எதுவும் குறையாது.

அமெரிக்காவுலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். எலக்ட்ரிகல் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு இத்தனை கிரெடிட் தரலாம்னு அங்க கல்வி கவுன்சில் பரிந்துரை பண்ணும்; கடைசி முடிவு காலேஜோடது.

இப்போ பணக் கணக்கு

வேலையை விட்டுட்டு 3 வருஷம் படிச்சா இழக்கற சம்பளம் 6,48,000 ரூபாய். லேட்டரல் என்ட்ரில 2 வருஷம்னா 4,32,000. மிச்சம் 2,16,000 ரூபாய், கூடவே ஒரு வருஷ ஃபீஸும் ஹாஸ்டலும். வால்பாறைல இருந்து பொள்ளாச்சிக்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி தினமும் போய்வர முடியாது. அதனால ஹாஸ்டல் செலவை விட்டுடாதீங்க. சம்பளம் மாசம் 6,000 ரூபாய் கூடும்னா, 4,32,000 திரும்பி வர 72 மாசம், அதாவது 6 வருஷம். ஃபீஸ், ஹாஸ்டல் இதுக்கு மேல. அந்த உயர்வு நிஜமா கிடைக்குமான்னு கம்பெனில முதல்ல கேளுங்க.

வேலையை விட முடியாதவங்களுக்கு இன்னொரு வழி. பத்தாவது, ஐ.டி.ஐ. முடிச்சவங்க பிளஸ் 2 தமிழ், ஆங்கிலத் தேர்வு எழுதி பாஸ் பண்ணா, பிளஸ் 2-க்கு இணையான சான்று வாங்கலாம். அதை வெச்சு வேலை பாத்துக்கிட்டே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல டிகிரி படிக்கலாம். ஆனா பி.ஏ., பி.காம். டிகிரி எலக்ட்ரிகல் டிப்ளமோவுக்கு பதிலா ஆகாது. போஸ்டுக்கு எது தேவையோ அதைப் படிங்க.

ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி

1. ஐ.டி.ஐ., அப்ரண்டிஸ் ரெண்டு சர்டிஃபிகேட்டும் மார்க் ஷீட்டும் கைல இருக்கணும்.
2. டிஜிலாக்கர் மூலமா கிரெடிட் வங்கிக் கணக்கு தொடங்குங்க. அதுல ஏறின கிரெடிட் அதிகபட்சம் 7 வருஷம்தான் செல்லும்.
3. "என் அப்ரண்டிஸுக்கு எத்தனை கிரெடிட்? எந்தப் பாடத்துக்கு விலக்கு?"ன்னு காலேஜ்ல கேட்டு, எழுத்துல வாங்குங்க. வாய்ல சொன்னதை நம்பி பணம் கட்டாதீங்க.
4. அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சில இருந்த வருஷத்துக்கு பி.எஃப். கிடையாது. அதனால பி.எஃப். கணக்குல அந்த வருஷத்தைத் தேடாதீங்க.

அப்ரண்டிஸ் வருஷம் வீண் இல்லீங்க. ஆனா அதை கிரெடிட்டா மாத்தற வேலை உங்களோடதுதான். முதல்ல காலேஜ்கிட்ட கேளுங்க, அப்புறம் ராஜினாமா லெட்டர் எழுதுங்க.