எந்தக் கிழமை, யாரைக் கேட்பது: கையேடு எழுதிய தம்பிக்கு ஒரு கடிதம்

ஒரத்தநாடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொடுத்தனுப்பிய பெற்றோர் கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். அங்கன்வாடி எதற்கு, தடுப்பூசி எதற்கு என்பதையெல்லாம் நாம் இருவரும் மறுபடி பேச வேண்டியதில்லை. மேற்பார்வையாளராக இந்த வட்டாரத்துப் பால்வாடிகளில் ஏறி இறங்கியே என் வயது போய்விட்டது. நீயும் சமூகப்பணி படித்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறாய். அதனால் எனக்கு எரிச்சல் வந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பக்கத்துக்குப் பக்கம் திட்டங்கள். எந்தத் துறை, எந்த ஆண்டு, யார் ஆட்சியில் வந்தது, எத்தனை முறை தொகை கூடியது, எல்லாம் சரியாக இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, இப்போது ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 என்று எழுதியிருக்கிறாய். சரிதான். ஆனால் கருவுற்ற பெண் 12 வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பதிந்து பிக்மி எண் வாங்கிவிட வேண்டும் என்ற வரி எங்கே? தொகை கூடிய கதையை முழுக்கப் படித்துவிட்டு ஐந்தாம் மாதத்தில் துணை சுகாதார நிலையத்து வாசலில் போய் நிற்கிற பெண்ணுக்கு நீ என்ன பதில் சொல்வாய்? அந்த எண் இல்லையென்றால் நாளைக்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் இழுபடும். அவளுக்கு வரலாறு வேண்டாம் தம்பி. எந்தக் கிழமை போவது, எத்தனை மணிக்குப் போவது, யாரைக் கேட்பது, கையில் என்ன காகிதம் வேண்டும், இந்த நான்குதான் வேண்டும். தடுப்பூசி புதன்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை என்பதுகூட உன் கையேட்டில் ஓர் இடத்திலும் இல்லை.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று உனக்குத் தோன்றும். பாப்பாநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருவாள். மூளை முடக்குவாதம் உள்ள பையன், மூன்று வயதாகியும் தலை நிற்கவில்லை. சம்பா நடவு நேரம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறித் தஞ்சாவூர் போனாள். போன இடத்தில், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு டாக்டர் பார்க்கிற நாள் இன்றைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைய கூலி போனது, பேருந்துக் காசு போனது, நடவு ஆள் கணக்கிலிருந்து அவள் பெயரும் போனது. அடுத்த ஒரு வருடம் அவள் தஞ்சாவூர் திசைக்கே திரும்பவில்லை. கைகால் தசை இறுகுவதற்குள் பயிற்சி கிடைத்திருக்க வேண்டிய வருடம் அது. அந்தப் பையனுக்குச் சட்டப்படி எல்லா உதவியும் உண்டு. ஒன்றிய வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் பிற்பாடு வீடு தேடி வரக்கூட வழி உண்டு. அந்தக் கிழமையை மட்டும் அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பாடம் கல்லாக நிற்கிறது. முக்தாம்பாள் சத்திரத்தை நீ எத்தனை தடவை கடந்து போயிருப்பாய்! அதைப் பழங்கட்டடம் என்று மட்டும் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 1799 உடன்படிக்கையில் தஞ்சாவூர் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. சத்திரங்களுக்கான மானியமாவது தப்பட்டும் என்று மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் கம்பெனியின் ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் தன் முன்னோர் வைத்த சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று விளக்குகிறார். ராமேஸ்வரம் போகிற வழியில் அநாதையாகிவிட்ட பிள்ளைகள் சத்திரத்து ஆசிரியரின் பொறுப்பு. மூன்று வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கு ஒரு தரம் எண்ணெய்த் தலைமுழுக்கு, துணி, மருந்து, பிள்ளைக்கு எதில் விருப்பமோ அந்தப் படிப்பு, படித்து முடித்தால் கல்யாணச் செலவும்கூட. கைக்குழந்தைக்குப் பால். வழியில் பிரசவ வலி கண்டவளுக்கு அங்கேயே பிரசவம் பார்த்து, மூன்று மாதம்வரை தங்கவும் விடுவார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அவர் இங்கே முக்தாம்பாள் பெயரில் எழுப்பிய சத்திரமும் அந்த வழியில் வந்ததுதான்.

மன்னராட்சியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்குக் கிடைத்தது தர்மம். இன்றைக்குக் கிடைப்பது உரிமை. அந்த வித்தியாசத்துக்காகப் பல பேர் போராடியிருக்கிறார்கள், அதை நான் ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வாத்தியார், வைத்தியர், பால், எண்ணெய், படுக்க இடம் எல்லாம் ஒரே முற்றத்தில் இருந்தன. அலைந்து வந்தவள் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. இன்று அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. சத்துமாவு ஓரிடத்தில், ஊசி ஓரிடத்தில், அடையாள அட்டை ஓரிடத்தில், உதவித்தொகை ஓரிடத்தில், பள்ளிச் சேர்க்கை ஓரிடத்தில். உன் கையேடு அந்த முற்றமாக இருக்க வேண்டும். ஒரு குழந்தையை நடுவில் வைத்து, அதன் வயதுப்படி பக்கங்களை அடுக்கு. வயிற்றில் இருக்கும்போது, பிறந்த அன்று, ஆறு மாதம், ஒன்றரை வயது, மூன்று, ஐந்து என்று போ. துறைவாரியாக அடுக்கினால் அது அலுவலகத்துக்குத்தான் உதவும்.

இரண்டாவது குறை எனக்கு இதைவிடப் பெரிது. நீ ஓர் ஆண்பிள்ளை. ஆனால் உன் கையேட்டில் ஓர் அப்பாகூட இல்லை. எல்லா வரியும் தாயைப் பார்த்தே பேசுகிறது: தாய் கவனிக்க வேண்டும், தாய் எடுத்துச் செல்ல வேண்டும், தாய் மறக்கக் கூடாது. கண்ணந்தங்குடியிலும் ஒக்கநாடு கீழையூரிலும் நடவுக்காலத்தில் பகல் பத்து மணிக்கு ஒரு தெருவுக்குள் நடந்து பார். பிள்ளையை வைத்திருப்பது யார்? அப்பாயி. அம்மாச்சி. விடிந்ததும் நாற்றுப் பறிக்கப் போனவள் திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். பிள்ளை கூப்பிட்டால் திரும்புகிறதா, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுகிறதா என்று பார்க்கக்கூடியவள் அந்தக் கிழவிதான். அவளுக்கு ஒரு பக்கம் எழுது, பெரிய எழுத்தில், படத்தோடு.

அப்பாவுக்கும் ஒரு பக்கம் வேண்டும். நம் பக்கத்து அப்பாக்களில் பல பேர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருக்கிறார்கள். தினமும் ராத்திரி வீடியோவில் பிள்ளை முகத்தைப் பார்க்கிறார்கள். மாதம் ஒரு முறை எடை போட்டதும் தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பச் சொல். கோடு மேலே போகிறதா, தட்டையாகிவிட்டதா என்று பார்க்க அவர்களுக்குக் கற்றுக்கொடு. இரண்டு மாதம் கோடு ஏறாமல் நின்றால் பணம் அனுப்புவதோடு விடாமல், அங்கன்வாடி டீச்சரிடம் போய்க் காட்டினீர்களா என்று கேட்கட்டும். அப்பா கேட்டால் வீட்டில் எல்லோரும் நகர்வார்கள். இது நான் கண்ணால் பார்த்தது.

எடை என்றதும் பழைய நினைவுகள் வருகின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளையைத் தூளி மாதிரி துணியில் கட்டி எடை போடுவோம். கண்ணு பட்டுவிடும் என்று கிழவிகள் பிள்ளையை முந்தானையில் மறைத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் போய்விடுவார்கள். எங்கள் ஆயா ஒருத்தி, படிப்பு ஐந்தாம் வகுப்புதான், அவர்களைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருந்தாள். எடை போட்டதும் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பாள். ஒருவரும் அதற்குப் பிறகு ஒளியவில்லை. 1975 அக்டோபர் 2-இல் நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டமும் 1982 ஜூலையில் வந்த சத்துணவும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் உடம்பில் ஏறியது அப்படிப்பட்ட ஆயாக்களால்தான். உன் கையேட்டில் அங்கன்வாடி கடைசிப் பக்கத்தில் நாலு வரியில் இருப்பதைப் பார்த்தபோது அவள் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுபோ. 2013 முதல் சிறார் நலப் பரிசோதனைக் குழுவின் வண்டி வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வருகிறது. பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் நான்கையும் பார்த்துத் தேவைப்பட்டால் தஞ்சாவூருக்கு அனுப்புகிறார்கள். வண்டி வரும் நாள் டீச்சருக்கு முன்னதாகவே தெரியும். அன்றைக்குப் பிள்ளையை வயலுக்குக் கூட்டிப்போகாமல் மையத்தில் விடுங்கள் என்ற ஒரு வரி போதும்.

தொண்டு நிறுவனங்கள் பற்றிய பகுதியைப் பாதியாகக் குறை. சென்னை முகவரிகளாக அடுக்கியிருக்கிறாய். திருவோணத்துக்காரி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை மட்டும் விரித்து எழுது. 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன், தானே கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில், ஒரு கிராமத்தில் தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீட்டுக்கே போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்து தாய்க்கும் கற்றுத்தருகிறார்கள். கிராமத்தில் இது நடக்கும் என்பதற்கு அது சாட்சி. சென்னை பால வித்யாலயாவையும் வை. காது கேளாத சிறு பிள்ளைகளுக்காக 1969 முதல் நடக்கிறது.

பெற்றோரை இழந்த பிள்ளைகள் பற்றிய பக்கம் சரியாக இருக்கிறது. 1098 இருக்கிறது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்களில் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் என்பதும் இருக்கிறது. கிளை நூலகத்தின் சிறுவர் பகுதியை விட்டுவிட்டாய், சேர்த்துக்கொள்.

இனி பத்தொன்பதாம் பக்கம். காது கேளாத பிள்ளையின் வீட்டைப் பற்றி நீ எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான் என்று பாட்டி சொல்ல, அதை நம்பி வீடே நிம்மதியாக இருக்க, பிள்ளை மட்டும் யார் வாய் அசைகிறது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எழுதினாயே, தம்பி, என் பணிக்காலம் முழுக்க எத்தனையோ கையேடு, சுற்றறிக்கை, பயிற்சிப் புத்தகம் பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூட இப்படி ஒரு வரி கிடையாது. துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செவிச்சுருள் கருவி வைக்கும் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்குள் செய்தாக வேண்டும் என்பதையும், அதன் பிறகு பேச்சுப் பயிற்சியை விடக் கூடாது என்பதையும் நீ அந்த வீட்டுக் கதையோடு சேர்த்தே சொல்லிவிட்டதால், படிக்கிறவள் அன்றைக்கே பிள்ளையைக் கூப்பிட்டுத் திரும்புகிறதா என்று பார்ப்பாள். உனக்கு எழுத வருகிறது. மற்றப் பக்கங்களையும் அந்தக் கையாலேயே எழுது.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டால் நம் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் நின்று கையேடு வாங்க நேரம் இருக்காது. அதற்குள் இரண்டாம் பதிப்பைக் கொண்டு வா. அச்சுக்குப் போகுமுன் மெய்ப்பை எனக்கு அனுப்பிவை. ஒவ்வொரு ஊருக்கும் கிழமையையும் நேரத்தையும் நான் விசாரித்து எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பால்வாடி மேடம்