நோய் தேறியபின் மீண்டும் ஓவியம்

1941-இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நெடுநேரம் நிற்க இயலாத பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ், கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். வண்ணத் தாள்களை வெட்டி உருவாக்கிய ‘ஜாஸ்’ 1947-இல் நூலாக வந்தது. நீங்களும் முயலுங்கள்.

• வெள்ளைத் தாள்களில் போஸ்டர் கலரைச் சீராகப் பூசிக் காயவிடுங்கள். எண்ணெய் வண்ணத்தைப் போல டர்பன்டைன் நெடித் தொல்லை இதில் இல்லை.

• கத்தரியைத் திருப்பாமல் தாளைத் திருப்பி வெட்டினால் வளைவுகள் சீராக வரும்.

• துண்டுகளைக் குண்டூசியால் பொருத்தி, இடம் மாற்றிப் பார்த்து, மனம் நிறைந்தபின் ஒட்டுங்கள்.

• பிடி தளர்ந்திருந்தால் தூரிகைக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள்.

• உட்கார்ந்தே செய்யுங்கள்; களைப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள்.

• அறுவைச் சிகிச்சை செய்திருந்தால், கையை எவ்வளவு உயர்த்தலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வேகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்று முடிந்த அளவில் தொடங்குங்கள்.