சமையல் மேடைச் சுவருக்கு எந்த டைல்ஸ்?

பெங்களூருவில் புதுவீட்டுச் சாவியைப் பெறும் நம் வாடிக்கையாளர்கள் பலர் அடுத்துத் திட்டமிடுவது சமையலறையையே. மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடைப்பட்ட சுவர் சிறியதாயினும், தாளிக்கும் எண்ணெயும் மஞ்சளும் நாள்தோறும் அதன்மீதே தெறிக்கின்றன. ஆகவே, வாங்குமுன் மூன்று செய்திகளைக் கருதுவோம்.

முதலாவது, பொருள். எலுமிச்சை, புளி ஆகியவற்றின் அமிலம் பளிங்குக் கல்லை அரிக்கும். மெருகிட்ட செராமிக் டைல்ஸ் எண்ணெயை உறிஞ்சாது. ஈரத்துணியால் துடைத்தாலே போதும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் பகுதிகளில் உப்புப் படிவு கருநிறத்தில் வெண்திட்டாகத் தெரியும். அங்கே இளநிறம் ஏற்றது.

இரண்டாவது, இணைப்பு. டைல்ஸ்களுக்கு நடுவே நிரப்பப்படும் சிமெண்டில்தான் கறை முதலில் தங்கும். எபாக்சி நிரப்பு விலை கூடுதலெனினும் எளிதில் கறை ஏற்காது.

மூன்றாவது, கணக்கு. 10 அடி நீளமும் 2 அடி உயரமும் உடைய சுவரின் பரப்பு 20 சதுர அடி. வெட்டுச் சேதத்திற்கு 10 விழுக்காடு சேர்த்தால் 22. 300-க்கு 600 மில்லிமீட்டர் அளவுள்ள டைல்ஸ் ஒன்று ஏறத்தாழ 1.94 சதுர அடி. ஆகவே 12 போதும். நிறம் மாறுபடாதிருக்க, பிற்காலத் தேவைக்கு இரண்டை உடனே சேர்த்து வாங்குவது நன்று.

இவ்வளவிற்குச் சேமிப்பே போதும். கடன் வேண்டாம் என்பதே நம் பரிந்துரை. சமையலறை முழுவதையும் புதுப்பிப்பதாயின், கிரெடிட் கார்டு தவணையைவிட வீட்டுச் சீரமைப்புக் கடனின் வட்டி பொதுவாகக் குறைவு. பழைய வருமான வரி முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் சீரமைப்புக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழிவும் உண்டு. ரசீதுகளைப் பத்திரப்படுத்துக.