விருப்பப் பட்டியல்: பொறியியல் கலந்தாய்வைச் சுற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு 1997-ல் தொடங்கியது. நுழைவுத்தேர்வு 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நீங்கியது. அதன்பின் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை ஆனது: கணிதம் 100-க்கும், இயற்பியல் 50-க்கும், வேதியியல் 50-க்கும் குறைக்கப்பட்டு, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. 2017 வரை மாணவரும் பெற்றோரும் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்து, அந்த நேரத்தில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் காலி என்று திரையில் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து சேர்க்கை ஆணையுடன் ஊர் திரும்பினார்கள். 2018-ல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது.

கலந்தாய்வு இணையத்துக்கு மாறியதால் மாணவரின் வேலையே மாறிவிட்டது. முன்பு காலியாக இருப்பதில் ஒன்றை எடுத்தால் போதும். இப்போது எது காலியாக இருக்கும் என்று தெரியாத நிலையிலேயே, கல்லூரியையும் பாடப்பிரிவையும் சேர்த்து வரிசைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பிரிவுகள் என்று கணக்கிட்டால் தெரிவுகள் ஆயிரக்கணக்கில் வரும். அவற்றைச் சுருக்கும்போது குடும்பங்கள் நம்பும் சில கருத்துகள் பழைய முறைக்கு உரியவை. சில விளம்பரத்திலிருந்து வந்தவை. பரவலாக உள்ள எட்டு நம்பிக்கைகளும் அவற்றின் உண்மை நிலையும் கீழே.

நம்பிக்கை 1: எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால், கிடைக்க வேண்டியதும் கைநழுவிப் போகும்.

உண்மை: மாணவர்களுக்கு இழப்பை உண்டாக்கும் நம்பிக்கை இது. கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொள்கிறது. அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, பொதுப்பிரிவிலோ அவருடைய சமூகப் பிரிவிலோ இடம் உள்ள முதல் தெரிவை ஒதுக்குகிறது. மேலே உள்ள தெரிவுகள் நிரம்பியிருந்தால் அவற்றைத் தாண்டிக் கீழே வருகிறதே தவிர, அவற்றை எழுதியதற்காக எதையும் கழிப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. தரவரிசையில் 9,000-ஆம் இடத்தில் உள்ள மாணவி 40 தெரிவுகள் எழுதியிருக்கிறார். அவருடைய முறை வரும்போது முன்னால் உள்ள 8,999 பேரும் தங்களுக்குரியதைப் பெற்றிருப்பார்கள். அவர் எழுதிய முதல் ஆறும் நிரம்பிவிட்டன, ஏழாவதில் இடம் இருக்கிறது என்றால், ஏழாவது அவருக்குக் கிடைக்கும். அதையே முதல் தெரிவாக எழுதியிருந்தாலும் அதே இடம்தான் கிடைத்திருக்கும். ஆனால் அப்படி எழுதியிருந்து, அந்த ஆண்டு மூன்றாவது தெரிவில் எதிர்பாராமல் ஓர் இடம் மிஞ்சியிருந்தால், அந்த நல்ல இடம் அவருக்குப் பின்னால் 9,001-ஆம் இடத்தில் நிற்பவருக்குப் போயிருக்கும். தரவரிசையில் பின்னால் இருப்பவர் ஒரு கல்லூரியை முதலாவதாக எழுதியதால் மட்டும் முன்னால் இருப்பவரை முந்த முடியாது. ஆகவே பட்டியலின் வரிசையைத் தீர்மானிக்க வேண்டியது விருப்பம் ஒன்றே.

நம்பிக்கை 2: பத்துப் பதினைந்து தெரிவுகள் எழுதினால் போதும்.

உண்மை: தெரிவுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை. கலந்தாய்வு பல சுற்றுகளாக நடக்கிறது; ஒரு சுற்றில் எழுதிய எல்லாமே நிரம்பியிருந்தால் அந்தச் சுற்றில் ஒதுக்கீடு கிடைக்காது. அடுத்த சுற்றில், மற்றவர்கள் எடுத்ததுபோக மிஞ்சியதில்தான் தேட வேண்டியிருக்கும். நல்ல கட்-ஆஃப் இருந்தும் முதல் சுற்றில் இடமின்றி நிற்கும் மாணவர்கள் பெரும்பாலும் குறுகிய பட்டியல் கொடுத்தவர்கள்.

பட்டியலைச் சுருக்குவது என்றால் சேரவே மனமில்லாத கல்லூரிகளை நீக்குவது என்று பொருள். மாநிலத்தின் மறுகோடியில் விடுதி வசதி இல்லாத கல்லூரி, எந்த நிலையிலும் படிக்க விரும்பாத பிரிவு, குடும்பத்தால் செலுத்த முடியாத கட்டணம் ஆகியவை நீங்கலாம். சேரத் தயாராக உள்ள எதையும் எண்ணிக்கை கருதி நீக்கக் கூடாது. எட்டாதவை, எட்டக்கூடும் என்பவை, உறுதியாக எட்டுபவை என்ற மூன்று அடுக்குகளும் பட்டியலில் இருக்க வேண்டும்.

நம்பிக்கை 3: சென்ற ஆண்டுக் கட்-ஆஃப் தெரிந்தால் இந்த ஆண்டு எது கிடைக்கும் என்று சொல்லிவிடலாம்.

உண்மை: மதிப்பெண்ணின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கணிதத் தேர்வு எளிதாக அமைந்த ஆண்டில் 190-க்கு மேல் எடுப்பவர்கள் பெருகுவார்கள். அதே 190 தரவரிசையில் ஆயிரக்கணக்கான இடங்கள் பின்னால் போகும். 2021-ல் கொரோனா காரணமாகப் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்ற கணக்கில் மதிப்பெண் வழங்கப்பட்டது. அந்த ஆண்டுக் கட்-ஆஃபை வேறொரு ஆண்டோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண் நம்பகமான அளவுகோல். ஒரு பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் தரவரிசை எண்ணை, தன் சமூகப் பிரிவுக்கு உரியதாக, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடங்களின் எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்பதும் முக்கியம். கணினி சார்ந்த பிரிவுகளில் அண்மை ஆண்டுகளில் இடங்கள் கூடியிருப்பதால், பழைய எல்லைகள் அங்கே தளர்ந்திருக்கலாம்.

நம்பிக்கை 4: தன்னாட்சி, நாக், என்.பி.ஏ., என்.ஐ.ஆர்.எஃப். எல்லாம் ஒரே தரச் சான்றின் வெவ்வேறு பெயர்கள்.

உண்மை: நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. தன்னாட்சி என்பது பாடத்திட்டம் வகுக்கவும் தேர்வு நடத்தவும் பல்கலைக்கழக மானியக் குழு தரும் உரிமை. பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வரும். அந்த உரிமையால் பாடத்திட்டத்தைக் காலத்துக்கேற்ப மாற்றும் கல்லூரிகளும் உண்டு. வினாத்தாளை எளிதாக்கும் கல்லூரிகளும் உண்டு. நாக் மதிப்பீடு கல்லூரி முழுமைக்கும் உரியது. என்.பி.ஏ. அங்கீகாரம் தனித்தனிப் பாடப்பிரிவுக்கு உரியது. ஒரு கல்லூரியின் இயந்திரவியலுக்கு அங்கீகாரம் இருந்து, புதிதாகத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு இல்லாமல் இருப்பது இயல்பு. நாக், என்.பி.ஏ. இரண்டுக்கும் காலவரம்பு உண்டு என்பதால், சான்று இன்றும் செல்லுபடியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். என்ற தேசியத் தரவரிசைப் பட்டியலில் பொறியியல் கல்லூரிகளுக்குக் கற்பித்தலும் வளங்களும் 30 விழுக்காடு, ஆராய்ச்சி 30, மாணவர் பெறும் பயன் 20, பலதரப்பினரையும் உள்ளடக்குதல் 10, பொதுக்கருத்து 10 என்று எடை தரப்படுகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் குறைந்தாலும் வகுப்பறையில் நன்றாகக் கற்பிக்கும் கல்லூரி இந்தக் கணக்கில் பின்தங்கிவிடும். இளநிலை மாணவருக்கு அது பெரிய குறை ஆகாது.

தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளுக்கு வேறொரு எளிய அளவுகோல் உண்டு: அண்ணா பல்கலைக்கழகம் பருவத்தேர்வுக்குப் பின் வெளியிடும், கல்லூரிவாரியான தேர்ச்சி விழுக்காடு. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் என்பதால் அந்த ஒப்பீடு நேர்மையானது.

நம்பிக்கை 5: நூறு விழுக்காடு பிளேஸ்மெண்ட் என்றால் எல்லாருக்கும் வேலை.

உண்மை: விளம்பரப் பலகையில் உள்ள விழுக்காடு எதன்மீது கணக்கிடப்பட்டது என்பதே கேள்வி. 120 பேர் படித்த பிரிவில் அரியர் உள்ளவர்களையும் வேலைத் தேர்வுக்குப் பதிவு செய்யாதவர்களையும் கழித்துவிட்டு, மிஞ்சிய 60 பேருக்கும் வேலை கிடைத்தால் அதை நூறு விழுக்காடு என்று எழுத முடியும். ஒரே மாணவர் மூன்று நிறுவனங்களில் தேர்வானதை மூன்று வேலைகளாகக் கணக்கிடும் வழக்கமும் உண்டு.

சம்பளத்திலும் இதே சிக்கல். பத்துப் பேரில் ஒருவருக்கு ஆண்டுக்கு 30 லட்சம், மற்ற ஒன்பது பேருக்கும் 3 லட்சம் என்றால், அதிகபட்சம் 30 லட்சம், சராசரி 5.7 லட்சம். வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம் 3 லட்சம்தான். கல்லூரி சொல்வது முதல் இரண்டு எண்களை. குடும்பம் கேட்க வேண்டியது மூன்றாவதை. என்.ஐ.ஆர்.எஃப். அமைப்புக்குக் கல்லூரிகள் அளிக்கும் தரவில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், உரிய காலத்தில் படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர், வேலைக்குச் சென்றவர்கள் எத்தனை பேர், நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு ஆகிய நான்கும் உள்ளன. தகவல் கல்லூரி தந்ததுதான் என்றாலும், விளம்பரப் பலகையைவிட அது விரிவானது.

நம்பிக்கை 6: எந்தக் கல்லூரி ஆனாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் போதும்.

உண்மை: பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் கேம்பஸ் தேர்வில் எல்லாப் பிரிவு மாணவர்களையும் எடுப்பது நெடுநாள் வழக்கம். அவை வந்து தேர்வு நடத்தும் கல்லூரியில் மின்னணுவியலோ மின்னியலோ படிப்பவருக்கு, யாரும் வராத கல்லூரியில் கணினி அறிவியல் படிப்பவரைவிட வாய்ப்பு கூடுதலாக இருக்கலாம். மறுபுறம், கணினியில் உண்மையான நாட்டம் உள்ளவர் பெயர்பெற்ற கல்லூரி என்பதற்காக மட்டும் விருப்பமில்லாத பிரிவில் நான்கு ஆண்டுகள் தள்ளுவதும் வீண். இந்த இரண்டில் எது தனக்குப் பொருந்தும் என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும்.

அரசுப் பணியை நோக்கும் மாணவர் பிரிவின் பெயரில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அரசுப் பணியாளர் தேர்வாணையமான டி.என்.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணிகளுக்கான அறிவிக்கைகள் பதவிக்கு உரிய பட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. புதுப்பெயர்ப் பிரிவுகளில் படித்தவர் தம் பட்டம் இணையானது என்று காட்ட அரசாணையைத் தேட நேர்கிறது.

நம்பிக்கை 7: சுயநிதிக் கல்லூரியில் எந்த வழியாகச் சேர்ந்தாலும் செலவு ஒன்றுதான்.

உண்மை: சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு இடங்களையும் கலந்தாய்வுக்குத் தருகின்றன. அந்த இடங்களுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கும் கட்டண நிர்ணயக் குழு தனித்தனி உச்சவரம்பு வகுத்திருக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வில் பெற்ற இடத்துக்கே உரியது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்பவரின் படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. இந்த ஒதுக்கீடு பொறியியலில் 2021-ல் நடைமுறைக்கு வந்தது. முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்று கலந்தாய்வுக்கு முன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிடும் குடும்பம் இந்தச் சலுகைகளைத் தானே கைவிடுகிறது.

அரசு உதவி பெறும் கல்லூரியிலும் இதைப் பார்க்க வேண்டும். அத்தகைய கல்லூரிகள் சிலவற்றில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் அருகருகே நடக்கின்றன. பாடம் ஒன்றாகவே இருந்தாலும் கட்டணம் பல மடங்கு மாறும். பட்டியலில் அவை தனித்தனித் தெரிவுகளாக வரும்.

நம்பிக்கை 8: முதலில் வந்த ஒதுக்கீட்டை ஏற்றால் கதை முடிந்தது.

உண்மை: தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் மாணவருக்கு ஐந்து வழிகள் தரப்படுகின்றன: ஏற்றுச் சேர்வது; ஏற்றுக்கொண்டே மேல்தெரிவுக்குக் காத்திருப்பது; கிடைத்ததை மறுத்து மேல்தெரிவுக்கு மட்டும் காத்திருப்பது; மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவது; முற்றிலும் விலகுவது. இரண்டாவதைத் தேர்ந்தால் கையில் உள்ள இடம் பத்திரமாக இருக்கும். மேலே யாராவது விலகினால் அங்கே நகர்த்தப்படுவார். ஆனால் நகர்வது அவர் தன் பட்டியலில் மேலே எழுதியவற்றுக்கு மட்டுமே. நகர்ந்தபின் பழைய இடம் திரும்பக் கிடைக்காது. வரிசையைப் பிழையாக எழுதியவர், தான் உண்மையில் விரும்பிய கல்லூரியிலிருந்து விரும்பாத கல்லூரிக்கு 'மேலே' நகர்த்தப்படும் ஆபத்து இங்கே இருக்கிறது.

பட்டியலை இறுதி செய்யும் முன் இரண்டு சோதனைகள் தேவை. முதலாவது, கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பெயரோடும் ஊரோடும் ஒப்பிடுவது. ஒரே அறக்கட்டளையின் இரண்டு கல்லூரிகளும், ஒரே தெய்வத்தின் பெயர் தாங்கிய பல கல்லூரிகளும் மாநிலமெங்கும் உள்ளன; பெயரை மட்டும் நம்பினால் வேறு மாவட்டத்தில் இடம் கிடைக்கக்கூடும். இரண்டாவது, அடுத்தடுத்துள்ள ஒவ்வொரு இரண்டு தெரிவையும் எடுத்து, இரண்டும் ஒரே நாளில் கையில் வந்தால் எதில் சேர்வது என்று மாணவரைக் கேட்பது. அவர் கீழே உள்ளதைச் சொன்னால் அந்த இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். இடம் மாற்ற எதுவும் இல்லாத நிலை வந்தபின்பே பட்டியலைப் பூட்ட வேண்டும்.